எண்ணிக்கை சரி, ரத்தம்தான் நிற்கவில்லை



மூக்கில் ரத்தம் வந்தால் சில குழந்தைகளுக்கு லேசில் நிற்காது. பல் விழுந்தால் தலையணை நனையும். தட்டணுக்களை எண்ணினால் இரண்டரை லட்சம்! 'நார்மல்'னு ரிப்போர்ட் கொடுத்து அனுப்பிடுவாங்க. எண்ணிக்கை நார்மல்தான், அவை வேலை செய்கிறதான்னு யார் பார்த்தார்கள்?

1918-இல் சுவிட்சர்லாந்துக் குழந்தை மருத்துவர் கிளான்ஸ்மன், குறை எண்ணிக்கையில் இல்லை, தட்டணுக்களிலேயே என்றார். என்ன குறை என்று தெரிய 1974 வரை ஆயிற்று. பாரிஸில் இத்தகைய நோயாளிகள் மூவரின் தட்டணுப் புரதங்களை ஜெல்லில் மின்சாரம் செலுத்திப் பிரித்துப் பார்த்தார்கள். நம்மிடம் அழுத்தமாகத் தெரியும் ஒரு பட்டை அவர்களிடம் குன்றியிருந்தது. தட்டணுக்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பிடிக்கும் 'கொக்கி' அதில்தான் இருக்கிறது. கொக்கி இல்லாவிட்டால் எத்தனை லட்சம் இருந்து என்ன?

இன்றைக்கு ஃப்ளோ சைட்டோமீட்டர் இருக்கு. ஒளிரும் சாயம் ஏற்றிய ஆன்டிபாடிகளைக் கலந்து, லேசர் முன் ஓடவிட்டால் அன்றைக்கே பதில். சி.டி. 41, சி.டி. 61 இரண்டும் இல்லையா? கிளான்ஸ்மன் நோய். சி.டி. 42 இல்லாமல் தட்டணுக்கள் பெரிசாக, குறைவாக இருந்தால் பெர்னார்ட்-சூலியே நோய். இதை வேறொன்றாக எண்ணி மண்ணீரலையே எடுத்துவிடுவதும் உண்டு. அபூர்வமாக, கொக்கி இருந்தும் வேலை செய்யாது. அதற்குத் தட்டணுக்கள் ஒட்டுகின்றனவா என்று தனியே சோதிக்க வேண்டும்.

தென்னிந்தியாவில் கிளான்ஸ்மன் நோய் சற்று அதிகம். அக்கா மகள், மாமன் மகள் என்று சொந்தத்தில் கட்டுவதே முக்கியக் காரணம். (மாமாக்கள் கோபிக்க வேண்டாம்!) பெற்றோர் இருவரிடமும் பாதிப் புரதம் இருக்கும், அவர்களுக்கு ரத்தம் கொட்டாது. ஆனால் ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு.

பெண் குழந்தைக்கு, வயதுக்கு வரும்போதே உயிருக்கு ஆபத்தாகலாம். கல்யாணம் தடைப்படுமேன்னு வீட்டில் மறைப்பாங்க. பெயர் தெரிந்தால்தானே ஆஸ்பிரினைத் தவிர்க்கலாம், டிரானெக்ஸாமிக் அமிலம் தரலாம்? தட்டணு ஏற்றுவதையும் யோசித்துத்தான் செய்யணும். தன்னிடம் இல்லாத புரதத்தை உடம்பு அந்நியமாக நினைத்து எதிர்ப்பு உண்டாக்கிவிட்டால், பிரசவத்தின்போது ஏற்றும் தட்டணு பயன்படாமல் போகலாம்.

லேப் படிக்கிற தம்பிகளுக்கு ஒன்று: மாதிரியை நீல மூடி சிட்ரேட் குழாயில் எடுங்க, ஃப்ரிட்ஜில் வைக்காதீங்க, அன்றைக்கே அனுப்புங்க. குளிர் பட்டால் தட்டணு கெட்டுப்போகும்.