உவப்பில்லா அபேட்சகர்களும் நமது வாக்கும்

(திரியாயில் கமக்காரரும் ஆசிரியர்களும் உத்தியோகத்தர்களும் கூடியிருந்த கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட உரையின் வாசகம்)



சனாதிபதித் தேர்தல் வருந்தோறும் நமது ஊர்களில் ஒரு கேள்வி தவறாமல் எழுகின்றது. "அவரும் நமக்கு வேண்டாதவர், இவரும் நமக்கு வேண்டாதவர், யாருக்கு நாம் வாக்களிப்பது?" என்று வயல் வரம்பிலும் கேட்கின்றார்கள், கச்சேரியிலும் கேட்கின்றார்கள். படித்தவர்கள் சிலர் இதனை அறியாமை என்று தள்ளிவிடுகின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. இக்கேள்விக்கு நியாயமான காரணம் உண்டு.

முதலாவது சனாதிபதித் தேர்தல் 1982 இல் நடந்தது. 2024 வரை ஒன்பது தடவை மக்கள் இப்பதவிக்கு வாக்களித்திருக்கின்றார்கள். முழு இலங்கையும் ஒரே தொகுதியாக எண்ணப்படும் இத்தேர்தலில், வெல்லக்கூடிய அபேட்சகர் எவரும் நாட்டின் பெரும்பான்மை மக்களை நோக்கியே முதலிற் பேசுவார். நமது மனத்துக்கு முற்றும் உகந்த ஒருவர் அந்த வரிசையில் வந்து நிற்பது அரிது. ஆகவே, உவப்பில்லாதவர்களை நிறுத்துப் பார்ப்பதே நமக்கு வழக்கமாகிவிட்டது. நிறுக்கும் முறையையாவது நாம் ஒழுங்காக அறிந்துகொள்ள வேண்டாமா?

விதைநெல் சிறப்பாக அமையாத ஆண்டு உங்களுக்குப் புதிதன்று. அந்த ஆண்டிற் கமக்காரன் வயலைத் தரிசாக விட்டுவிட்டுத் திண்ணையில் இருப்பதில்லை. கையிலுள்ள நெல்லைத் தூற்றிப் பதரை நீக்கி, முளைக்கக்கூடியதைத் தெரிந்து விதைக்கின்றான். அந்த நெல்லை அவன் மெச்சவில்லை. குடும்பம் உண்ண வேண்டுமே என்று விதைக்கின்றான். வாக்கும் அத்தகையதே. மேடையில் மாலை சூட்டுவது வேறு. வாக்குச் சீட்டில் இலக்கமிடுவது வேறு.

கொழும்பில் இருக்கும் சனாதிபதியின் கை திரியாய் வரை நீளுமா என்று சிலர் கேட்கக்கூடும். இரண்டு நிகழ்ச்சிகளை மாத்திரம் நினைவூட்டுகின்றோம். 2020 ஜூன் மாதத்தில் சனாதிபதி கோத்தாபய ராஜபக்ஷ, கிழக்கு மாகாணத்தின் தொல்பொருள் மரபுரிமைக்கென ஒரு செயலணியை அமைத்தார். தமிழரும் முஸ்லிம்களும் பெருந்தொகையினராய் வாழும் மாகாணத்துக்கான அச்செயலணியில், முதலில் நியமிக்கப்பட்டோருள் ஒரு தமிழரும் இல்லை. ஒரு முஸ்லிமும் இல்லை. கிரிகண்டு சேய அமைந்த மலையின் அயலில் வயல் செய்யும் உங்களுக்குத் தொல்பொருள் எல்லைக்கல்லின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

அடுத்த ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியை அதே சனாதிபதியின் அரசு தடை செய்தது. பத்து ஆண்டுகளில் படிப்படியாகச் செய்வோம் என்று தேர்தல் விஞ்ஞாபனத்திற் சொல்லப்பட்டது, ஒரே வர்த்தமானி அறிவித்தலில் வந்து இறங்கியது. நவம்பரில் தடையைத் தளர்த்தினார்கள். அதற்குள் பெரும்போகத்தின் விளைச்சல் கெட்டுவிட்டது. 2019 தேர்தலில் திருக்கோணமலை மாவட்டத்தில் நூற்றுக்கு 72 வாக்குகள் சஜித் பிரேமதாசவுக்கே விழுந்தன. ஆயினும், வந்த தடை யார் யாருக்கு வாக்களித்தார்கள் என்று பார்த்து வயல்களை விலக்கவில்லை.

"அப்படியாயின் வாக்களித்து என்ன பயன்? விலகி நிற்கலாமே" என்பார் உளர். விலகி நின்ற கணக்கையும் பார்ப்போம். 2005 நவம்பரில், விடுதலைப் புலிகளின் பகிஷ்கரிப்பு அழைப்பின் பின், யாழ்ப்பாண மாவட்டத்தில் நூற்றுக்கு இருவர்கூட வாக்களிக்கவில்லை. அங்கே பதிவு பெற்ற வாக்காளர்கள் ஏறத்தாழ 7 இலட்சம். மகிந்த ராஜபக்ஷ ரணில் விக்கிரமசிங்கவை வென்ற வாக்கு வித்தியாசமோ 1,80,786 மாத்திரமே. அன்று எத்தனை பேர் விருப்பத்தால் விலகினர், எத்தனை பேர் அச்சத்தால் விலகினர் என்பது வேறு விடயம். வாக்கெண்ணும் இடத்தில் விலகலும் ஒரு பக்கத்துத் தட்டில் எடையாகவே விழுந்தது.

2010 ஜனவரியில் நம்முன் நின்ற தெரிவைவிடக் கசப்பானது ஒன்று இருக்க முடியுமா? ஒருபுறம் போரை நடத்திய சனாதிபதி. மறுபுறம் அப்போரிற் படையை நடத்திய தளபதி சரத் பொன்சேகா. போர் முடிந்து எட்டு மாதங்களே ஆகியிருந்தன. ஆயினும் இம்மாவட்டம் பொன்சேகாவுக்கு நூற்றுக்கு 54 வாக்குகளை அளித்தது. அவரை நேசித்தா நமது மக்கள் வாக்களித்தார்கள்? அதிகாரத்திலிருப்பவரை மாற்ற வேண்டும் என்று எண்ணினார்கள். அதற்கு அவரே வழி என்று கண்டார்கள். அந்த முயற்சி தோற்றது.

2015 ஜனவரியில் அதே நியாயம் வென்றது. மைத்திரிபால சிறிசேன 2014 நவம்பர் வரை ராஜபக்ஷ அமைச்சரவையில் இருந்தவர். போரின் இறுதி நாட்களிற் பதிற் பாதுகாப்பு அமைச்சராகவும் கடமையாற்றியவர். இதையெல்லாம் அறிந்தே இம்மாவட்டத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 72 பேர் அவருக்கு வாக்களித்தனர். பலன் என்ன? போரால் இடம்பெயர்ந்த சம்பூர் மக்களின் 818 ஏக்கர் காணி அவ்வாண்டே விடுவிக்கப்பட்டது. அவரே 2018 இற் பிரதமரை நீக்கிப் பாராளுமன்றத்தையும் கலைத்தார். அக்கலைப்புச் சட்டவிரோதம் என்று உயர் நீதிமன்றம் தீர்த்தது. சம்பூரில் வீடு திரும்பியவருக்கு அந்த வாக்கு வீண்போகவில்லை. அதற்காகச் சிறிசேனவைக் கொண்டாட வேண்டிய கடமையும் நமக்கில்லை. பெற்ற நன்மையையும் பட்ட தீமையையும் தனித்தனியே கணக்கில் எழுதத் தெரிய வேண்டும்.

இனி, நாம் அதிகம் பயன்படுத்தாத ஒரு கருவியைப் பற்றிச் சொல்லவேண்டும். சனாதிபதித் தேர்தலில் வாக்காளர் 1, 2, 3 என்று மூன்று விருப்புகளைக் குறிக்கலாம். எவரும் பாதிக்கு மேற்பட்ட வாக்குகளைப் பெறாவிடின், முதல் இருவர் தவிர ஏனையோர் நீக்கப்படுவர். நீக்கப்பட்டவருக்கு வாக்களித்தோரின் இரண்டாம் விருப்பு அவ்விருவருள் ஒருவருக்கு இருந்தால் அது அவருக்குச் சேரும்; இல்லையேல் மூன்றாம் விருப்புப் பார்க்கப்படும். 2019 வரை ஒவ்வொரு தேர்தலும் முதல் எண்ணிக்கையிலேயே முடிந்தமையால் இவ்விதி ஏட்டிலேயே கிடந்தது. 2024 செப்டெம்பர் 21 ஆம் திகதித் தேர்தலிற்றான் முதன்முதலாக அது செயலுக்கு வந்தது.

அன்று அனுர குமார திசாநாயக்க நூற்றுக்கு 42.31 வாக்குகளும் சஜித் பிரேமதாச 32.76 வாக்குகளும் பெற்றனர். ஏனையோருக்கு விழுந்த வாக்குகள் 33 இலட்சத்துக்கு மேல். தமிழ்ப் பொது அபேட்சகராக நின்ற பா. அரியநேத்திரனின் 2,26,343 வாக்குகளும் அவற்றுள் அடங்கும். இந்த 33 இலட்சத்திலிருந்து முன்னணி இருவருக்கும் விருப்பு வாக்குகளாகச் சேர்ந்தவை வெறும் 2,73,131. எஞ்சிய 30 இலட்சம் வாக்குகள் இறுதிப் போட்டியில் எந்தப் பக்கமும் பேசவில்லை. திசாநாயக்க இறுதியில் வென்ற வித்தியாசம் ஏறத்தாழ 12 இலட்சம் என்பதை இதனருகே வைத்துப் பாருங்கள்.

இதன் பொருள் தெளிவு. நமது கோரிக்கையை உலகறியச் சொல்லவேண்டும் என்பவரும், வெல்லப்போகிறவருள் தீமை குறைந்தவரைத் தெரியவேண்டும் என்பவரும் ஒருவரையொருவர் துரோகி என்று ஏச வேண்டியதில்லை. முதலாம் விருப்பால் மனச்சாட்சியைச் சொல்லலாம். இரண்டாம், மூன்றாம் விருப்புகளால் ஆபத்தைக் குறைக்கலாம். ஒரே சீட்டில் இரண்டுக்கும் இடமிருக்கின்றது. அதனை வெறுமையாக விட்டுத் திரும்புபவர், பாதி நிறுத்துவிட்டுத் தராசைக் கீழே வைத்தவராவார்.

எதைக்கொண்டு நிறுப்பது? மூன்று கேள்விகள் போதும். நமது காணியையும் வயலையும் குளத்தையும் பற்றி இவர் கையெழுத்திட்டுச் சொன்னது என்ன? தவறு செய்யும்போது பாராளுமன்றமும் நீதிமன்றமும் சொல்வதற்கு இவர் கட்டுப்படுவாரா? இவரைச் சூழ்ந்து நிற்பவர்கள் நேற்று நமது மாவட்டத்தில் என்ன செய்தார்கள்? ஒருவரின் சிரிப்பையும் மேடைத் தமிழையும் இக்கேள்விகளுக்குப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம்.

படித்த சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த சனாதிபதித் தேர்தல் 2029 இல் நடைபெற வேண்டும். அதற்கு முன்னரே, விருப்பு வாக்கை இலக்கமிட்டுக் குறிக்கும் முறையை ஒவ்வொரு வீட்டுக்கும் சென்று விளக்குங்கள். யாருக்கு என்று நீங்கள் சொல்லத் தேவையில்லை. 1985 இல் எரிந்த வீடுகளை விட்டு அகன்று, பின்னர் திரும்பி வந்து, மறுபடியும் வரம்பு கட்டிய மக்கள் இவ்வூர் மக்கள். எது தீமை, எது அதனினும் பெருந்தீமை என்று நிறுக்க அவர்களுக்குத் தெரியும். தராசை முழுமையாக அவர்கள் கையிற் கொடுப்பதே நமது கடமை.