கூட்டுத் தேகப்பயிற்சியால் உடல் மாறுமா?

(ஊராட்சி உறுப்பினர்களுக்கான பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் பாசனமும் அன்று, பாதையும் அன்று; நம் தேகம். ஊராட்சி உறுப்பினர் முகாமில் இதற்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். நாமும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணியிருந்தோம். அந்த எண்ணத்தை மாற்றியது ஒரு கிராம சபைக் கூட்டம்.

2016ஆம் ஆண்டில், ஊரகப் பகுதிகளில் 500 உடற்பயிற்சிக் கூடங்கள் அமைப்பதென்று நமது மாநில அரசு அறிவித்ததைத் தாங்கள் அறிவீர்கள். அதன்பின் நமது வட்டாரத்து ஊராட்சி ஒன்றிலும் ஒரு கூடம் எழுந்தது. இளைஞர்கள் சில காலம் வந்தனர். பிறகு வேலை தேடி வெளியூர் சென்றனர். கூடம் பூட்டிக் கிடந்தது. இந்நிலையில் மகளிர் சுய உதவிக் குழுவினர் இருபது பேர் சாவியைக் கேட்டு வாங்கி, மாலை வேளையில் கூட்டாகப் பயிற்சி செய்யத் தலைப்பட்டனர். அவ்வூர்ப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியை மனமுவந்து கற்பித்தார். மூன்று மாதம் சென்றதும் எல்லோரும் எடை பார்த்தனர். சிலருக்கு அரைக் கிலோ, சிலருக்கு ஒரு கிலோ குறைந்திருந்தது. பலருக்கு முள் அசையவேயில்லை. ஒருவருக்கு ஒரு கிலோ கூடியிருந்தது! மறுவாரமே பயிற்சி நின்றது. அடுத்த கிராம சபையில், அக்கூடத்தைச் சிமெண்டு மூட்டை அடுக்கும் கிடங்காக மாற்றலாம் என்று ஒரு தீர்மானம் வந்தது.

அன்று குழுவைச் சேர்ந்த சகோதரி ஒருவர் எழுந்து, “ஐயா, மூன்று மாதமாகக் கையையும் காலையும் ஆட்டினோம், உடம்பு மாறவில்லையே. மாறாத உடம்புக்காக மாலைப்பொழுதை ஏன் வீணாக்க வேண்டும்?” என்று கேட்டார். நாம் ஏதோ சமாதானம் சொன்னோம். சரியான விடை நமக்குத் தெரியாது என்பதே உண்மை. ஆகவே தீர்மானத்தை ஒரு தவணை ஒத்திவைக்கச் செய்துவிட்டு, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரை அணுகியும் நூல்களைப் புரட்டியும் அறிந்தவற்றையே இங்கே கூறுகிறோம்.

முதலில் எடையைப் பார்ப்போம். அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் அரை மணி நேரம் விரைவாக நடந்தால் செலவாவது ஏறத்தாழ 120 முதல் 150 கலோரிதான். பயிற்சி முடிந்து திரும்பும் வழியில் சர்க்கரை கூடுதலாகப் போட்ட ஒரு தேநீரும் இரண்டு உளுந்து வடையும் சாப்பிட்டால், செலவிட்டதற்கு மேல் வரவு வந்துவிடுகிறது. வாரம் 150 நிமிடப் பயிற்சியால் மட்டும், உணவில் ஒரு மாறுதலும் செய்யாமல், குறையக்கூடிய எடை இரண்டு மூன்று கிலோவுக்கு மேற்படுவது அபூர்வம். எனவே அந்தச் சகோதரிகளின் எடை இயந்திரம் பொய் சொல்லவில்லை. தவறு, அந்த ஒன்றை மட்டும் சாட்சிக்கு அழைத்ததில்தான் இருந்தது. வயிற்றின் உட்புறக் கொழுப்பு சிறிது கரைந்து, தொடையிலும் முதுகிலும் தசை சிறிது வளர்ந்தால், எடை இயந்திரத்துக்கு இரண்டும் ஒன்றே.

அப்படியானால் மாறுவது எது? இதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. லண்டன் மாநகரில் மாடி வைத்த பேருந்துகள் ஓடின. ஓட்டுநர் நாள் முழுதும் உட்கார்ந்திருப்பார். நடத்துநர் பயணச்சீட்டுக் கொடுக்கப் படியேறி இறங்கிக்கொண்டே இருப்பார். இருவரும் ஒரே வண்டியில், ஒரே தெருவில் போனவர்கள். ஜெர்ரி மாரிஸ் என்னும் மருத்துவரும் அவர் துணைவர்களும் 1953ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது தெரிந்தது. ஓட்டுநர்களின் இடுப்பு பெருத்திருப்பதால்தான் இவ்வேறுபாடோ என்ற ஐயம் எழவே, நிர்வாகம் தைத்துக் கொடுத்த சீருடைக் காற்சட்டைகளின் அளவுக் கணக்கையும் எடுத்துப் பார்த்தார்கள். ஓட்டுநர்களின் இடுப்பளவு அதிகம் என்பது மெய்யே. ஆயினும் ஒல்லியானவரோ பருத்தவரோ, அந்தந்த உடல்வாகுக்குள் ஒப்பிட்டாலும் நடத்துநர்களுக்கே அபாயம் குறைவு என்று பின்னர் கண்டனர். காற்சட்டையின் அளவுக்கு அப்பால் இதயத்திலும் இரத்தக் குழாய்களிலும் ஏதோ ஒன்று மாறியிருந்தது.

இனி நம் ஊருக்கு வருவோம். சென்னையில் மருத்துவர் இராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் வாயிற்படியில் நின்ற 531 பேரைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 2006ஆம் ஆண்டில் வெளிவந்தது. வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் மூன்று ஆண்டுகளுக்குள் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்துவிட்டது. நடையையும் உணவு ஒழுங்கையும் விடாது மேற்கொண்டவர்களில் அது நூற்றுக்கு 39. இதில் நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, இந்த இரண்டாவது கூட்டத்தாரின் சராசரி எடை குறையவேயில்லை என்பதுதான். எடை இயந்திரத்தை நம்பியிருந்தால் அவர்களும் மூன்றாம் மாதத்திலேயே நிறுத்தியிருப்பார்கள்.

இதன் காரணம் விளங்கிக்கொள்ளக் கடினமானதன்று. உழைக்கின்ற தசை இன்சுலினுக்குக் காத்திராமல் இரத்தத்திலிருந்து சர்க்கரையைத் தானே இழுத்துக்கொள்ளும். உழைத்து முடித்த பின்னும் ஓரிரு நாள் வரை அது இன்சுலினுக்கு எளிதில் இணங்கும். அதன்பின் அந்தக் குணம் தேய்ந்துவிடும். ஞாயிறன்று ஒரே நாள் மூன்று மணி நேரம் உழைத்துவிட்டு வாரமெல்லாம் சும்மா இருப்பதைவிட, இரண்டு நாள் சேர்ந்தாற்போல் விடாமல் சிறுகச் சிறுகச் செய்வது மேல் என்று மருத்துவர்கள் கூறுவது இதனால்தான்.

கூட்டாகச் செய்வதற்கென்று தனிப் பயன் உண்டா? உண்டு, ஆனால் பலர் எண்ணும் அளவுக்கு அன்று. எடை மிகுந்து, சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 578 பேருக்குச் சென்னையில் குழு வகுப்புகள் நடத்திக் கண்ட முடிவு 2016ஆம் ஆண்டில் வெளியாயிற்று. மூன்று ஆண்டுகளில் வகுப்புக்கு வந்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 26 பேருக்கும், வராதவர்களில் 35 பேருக்கும் நோய் கண்டது. வந்தவர்களிலும் பெரும்பாலோருக்கு இடையில் மெட்பார்மின் மாத்திரை சேர்க்க வேண்டியிருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அண்டையிலுள்ள கேரளத்திலோ, திருவனந்தபுரம் மாவட்டத்தின் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளில் 1,007 பேரைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி நடந்தது. 2018இல் முடிவு வந்தது. பெரும்பாலும் உள்ளூர்க்காரர்களே தலைமை ஏற்று, ஓராண்டில் 15 குழுக் கூட்டங்கள் நடத்தினார்கள். நல்ல பழக்கங்கள் சில கூடின; ஆயினும் இரண்டு ஆண்டு முடிவில் சர்க்கரை நோய் வந்தவர்களின் தொகையில் உறுதியாகச் சொல்லத்தக்க வேறுபாடு காணவில்லை.

கூடிப் பேசுவதும் கூடி உழைப்பதும் ஒன்றல்ல என்பதே இதிலிருந்து நாம் கொண்ட அபிப்பிராயம். குழு நம்மைக் கூடம் வரை கொண்டுவந்து சேர்க்கும். பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்று அழைக்கும்போது வரமாட்டேன் என்பது கடினம். அதுவே குழுவின் பலம். தசையை வளர்ப்பது மட்டும் தசையின் உழைப்பேயாகும்.

நமது சகோதரிகளின் பயிற்சியில் இருந்த குறையும் இங்கேதான். முதல் நாள் செய்த அதே கையசைப்பைத்தான் தொண்ணூறாம் நாளும் செய்தார்கள். தேகம் பழகிய சுமைக்கு மாறுவதில்லை. முதற் சில வாரங்களில் பலம் கூடியதுபோல் தோன்றுவது, நரம்புகள் அவ்வேலையைக் கற்றுக்கொள்வதால். தசை கண்ணுக்குத் தெரிய வளர்வதற்கு இரண்டு மூன்று மாதமாகும், அதுவும் சுமையை வரவரக் கூட்டினால்தான். முன்னாளில் நம் கிராமத்துத் தேகப்பயிற்சிச் சாலைகளில் தண்டாலையும் பஸ்கியையும் பத்தில் தொடங்கி நூறாக்கினர். கர்லாக்கட்டையிலும் சிறிதிலிருந்து பெரிதுக்குப் போயினர். அந்த ஆசான்களுக்கு இந்தச் சூட்சுமம் நன்றாகத் தெரிந்திருந்தது.

வயதாகிவிட்டது, இனி என்ன பலம் என்று கருதும் பெரியோர்கள் ஒன்றைக் கேட்க வேண்டும். அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில், 90 வயதை ஒட்டிய 10 பேருக்குக் காலால் பாரம் தூக்கும் பயிற்சி எட்டு வாரம் அளித்தனர். 1990ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, அவர்கள் கால்களின் பலம் சராசரியாக இரண்டரை மடங்கைத் தாண்டியது. தொடைத் தசையின் பருமன் நூற்றுக்கு 9 பங்கு கூடியது. கழிப்பறைக்கும் திண்ணைக்கும் பிறர் கையைப் பிடிக்காமல் போவதும், தடுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்ளாமல் இருப்பதும் இந்தப் பலத்தைப் பொறுத்தவை. எடை இயந்திரத்தில் இதற்கு ஒரு கோடும் இல்லை.

வயலில் உழைக்கும் எங்களுக்குப் பயிற்சி எதற்கு என்று உழவர்கள் கேட்பது நியாயமே. உழவும் நாற்று நடவும் அறுப்பும் மனிதக் கையால் நடந்த காலத்தில் அக்கேள்விக்கு நாமும் தலையசைத்திருப்போம். இன்று உழவு டிராக்டரில், அறுவடை இயந்திரத்தில், நீர் இறைப்பு மோட்டாரில், வயலுக்குப் போவது மோட்டார் சைக்கிளில். தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட் ஆகிய மாநிலங்களிலும் சண்டிகரிலும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய ஆய்வின் கணக்கு 2014ஆம் ஆண்டில் வெளிவந்தது. நகரத்தாரில் நூற்றுக்கு 65 பேரும் கிராமத்தாரில் சரிபாதிப் பேரும் போதிய உடலசைவு இல்லாதவர்கள் என்று அதில் கண்டிருக்கிறது. கிராமத்தான் உழைப்பாளி என்பது பாதி உண்மையாகிவிட்டது. களை பறிக்கும் கூலிச் சகோதரிகளின் நிலை வேறு. நாளெல்லாம் குனிந்திருப்பவரை மாலையிலும் குனியச் சொல்வது கொடுமை. அவர்களுக்கு வேண்டியது முதுகை நிமிர்த்தும் பயிற்சியும் ஓய்வும். எல்லோருக்கும் ஒரே பாடம் என்று வைக்கலாகாது.

உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வகுத்த அளவு, வயது வந்தோருக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பும், இரண்டு நாளேனும் தசைகளுக்குப் பலமூட்டும் பயிற்சியும் ஆகும். இவற்றுள் நடையை ஏரிக்கரையிலும் செய்யலாம். பலமூட்டும் பயிற்சிக்கே கற்பிப்பவரும் கூடமும் தேவை. நெஞ்சுவலி உள்ளவர்கள், இரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள், கருவுற்றவர்கள் ஆகியோர் மருத்துவரைக் கண்ட பின்னரே தொடங்க வேண்டும்.

இவற்றையெல்லாம் அறிந்துகொண்டு மீண்டும் அவ்வூருக்குச் சென்றோம். நம் தரப்பிலும் குறை இருந்தது. இளைஞர்களை மட்டும் மனத்தில் வைத்துக் கனமான இரும்புச் சாமான்களை வாங்கியிருந்தோம். பெண்களுக்கு ஏற்ற சிறு எடைகள் ஒன்றுகூட இல்லை. சாவி ஒரே ஒருவரிடம் இருந்தது. அவர் வெளியூர் சென்றால் கூடமும் உடன் சென்றது போலத்தான். பெண்கள் வருவதற்கு ஏற்ற வேளை எது என்று அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

இம்முறை தொடங்கும்போதே ஒரு நோட்டுப் புத்தகம் போட்டோம். எடை எழுதப்படவில்லை. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் 30 விநாடிகளில் எத்தனை முறை எழுந்து உட்காருகிறார் என்பது ஒரு கலம்; தொப்புள் மட்டத்தில் இடுப்பளவு ஒரு கலம்; கிராம சுகாதாரச் செவிலியர் பார்த்த இரத்த அழுத்தம் ஒரு கலம். நம் நாட்டவரில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் இடுப்பளவின் எல்லை என்று மருத்துவர்கள் கூறுவர். மணல் நிரப்பிய தண்ணீர்ப் புட்டிகளே எடைகளாயின. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மணலைக் கூட்டினர். செலவென்று சொல்ல ஒன்றுமில்லை.

இருபது பேரில் பதினான்கு பேர் மீண்டும் வந்தனர். ஆறு பேர் வரவில்லை. அவர்களுக்கு வீட்டு வேலை ஒழியவில்லை என்றனர், அதற்கு நம்மிடம் மருந்தில்லை. மூன்று மாதம் கழித்து நோட்டைப் பார்த்தபோது, கிராம சபையில் கேள்வி கேட்ட அதே சகோதரியின் பெயருக்கு நேரே முதல் நாள் 8 என்றும், பிறகு 13 என்றும் எழுதியிருந்தது. இடுப்பளவு மூன்று சென்டிமீட்டர் குறைந்திருந்தது. இரத்த அழுத்தம் அவருக்குப் பெரிதாக மாறவில்லை; மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று செவிலியர் சொல்லியிருந்தார், அதுவே சரி. எடையைக் கேட்டோம். “பார்க்கவில்லை ஐயா, தண்ணீர்க் குடத்தை ஒரே மூச்சில் திண்ணை ஏற்றுகிறேன்” என்றார்.

கிடங்குத் தீர்மானம் அடுத்த கிராம சபையில் கைவிடப்பட்டது. சிமெண்டு மூட்டைகளுக்குப் பழைய நூலகக் கட்டிடத்தின் பின்னறை கிடைத்தது. கூடத்துக்கு இப்பொழுது இரண்டு சாவிகள். ஒன்று ஊராட்சிச் செயலரிடம், மற்றொன்று மகளிர் குழுவிடம். தங்கள் ஊர்க் கூடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது, கடைசியாக எப்போது திறக்கப்பட்டது என்பதை ஊர் திரும்பியதும் விசாரித்து, அடுத்த மாதக் கூட்டத்தில் நம்மிடம் தெரிவிக்கும்படி உறுப்பினர்கள் யாவரையும் கேட்டுக்கொள்கிறோம்.