எதைக் காட்டி எழுதச் சொல்லப் போகிறீர்கள்?



பெண்களுக்கென்றே 1984-இல் தொடங்கப்பட்டது கொடைக்கானலில் உள்ள இந்த அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம். பட்டம் பெறும் மாணவிகளே, உங்களில் பலர் ஆசிரியர்களாகப் போகிறீர்கள். பூம்பாறை, மன்னவனூர், தாண்டிக்குடிப் பள்ளிகளுக்கும் சிலர் போகக்கூடும். அதனால் வாழ்க்கையைப் பற்றிப் பொதுவாகப் பேசாமல், வகுப்பறைக் காரியம் ஒன்றைப் பேசுகிறேன். எழுதக் கற்றுக்கொடுக்கும்போது எந்த உரையை முன்மாதிரியாகப் பலகையில் எழுதுவது?

நம் பள்ளிகளில் முன்மாதிரி என்றாலே கட்டுரைதான். முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை. பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள், மதிப்பெண்ணும் வாங்குகிறார்கள். ஆனால் காட்டெருமை தோட்டத்தில் புகுந்து கேரட்டை மிதித்துவிட்டால், வனத்துறைக்கு ஒரு மனு எழுத அப்பா வேறு யாரையாவது தேடிப் போகிறார். பத்து வருடம் படித்த பிள்ளை வீட்டிலேயே இருக்கிறது. எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது.

இதே குறையை 1980-களில் சிட்னியில் சிலர் கண்டார்கள். ஏழைப் பிள்ளைகள் படித்த பள்ளிகளில் பெரும்பாலும் கதையும் அனுபவமும்தான் எழுதவைத்தார்கள். விளக்குவதும் வாதிடுவதும் வீட்டில் புத்தகம் உள்ள பிள்ளைகளுக்குத் தானாக வந்தன. மற்றவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஜிம் மார்ட்டின், ஜோன் ராதரி போன்றவர்கள் மொழியை அது செய்யும் வேலையைக் கொண்டு விளக்கும், மொழியியல் அறிஞர் ஹாலிடேயின் செயற்பாட்டு இலக்கணத்தை வகுப்பறைக்குக் கொண்டுவந்தார்கள். முதலில் ஒரு முன்மாதிரியைப் பிரித்துப் பார்ப்பது, அடுத்து ஆசிரியரும் பிள்ளைகளும் சேர்ந்து ஒன்றை எழுதுவது, அதன்பின் பிள்ளை தனியாக எழுதுவது. இதில் எல்லாமே முதல் அடியைப் பொறுத்தது. முன்மாதிரி தவறினால் மற்ற இரண்டும் வீண்.

நம் ஊர் மலைப்பூண்டையே எடுத்துக்கொள்வோம். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பூண்டு அது. பிள்ளைகளின் வீட்டில் புகைபோட்டுப் பதப்படுத்துகிறார்கள். அதை இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று: “பூண்டைத் தாளோடு சேர்த்துக் கட்டவும். உயரத்தில் தொங்கவிடவும். அடியில் புகை மூட்டவும்.” இதில் செய்பவர் யார் என்ற பேச்சே இல்லை, ஏனென்றால் படிப்பவரே செய்பவர். வாக்கியங்களின் வரிசைதான் வேலையின் வரிசை.

இன்னொன்று: “புகையின் சூட்டில் பூண்டின் மேல்தோல் காய்கிறது. தோல் காய்வதால் ஈரம் உள்ளே இறங்குவதில்லை. ஈரம் இறங்காததால் பூண்டு அழுகாமல் இருக்கிறது.” ‘காய்கிறது’ என்று முடிந்த வினை, அடுத்த வாக்கியத்தில் ‘காய்வதால்’ என்று காரணமாகி நிற்கிறது. தொழிற்பெயரோடு ‘ஆல்’ உருபு சேர்ந்தது என்று சொல்லுங்கள். பிள்ளைக்கு அன்றைக்குப் புரியும். வேற்றுமை அட்டவணையை ஒப்பித்த நாளில் அது புரிந்திருக்காது. இங்கே அந்த உருபு ஒரு வேலை செய்கிறது, அந்த வேலை கண்ணுக்குத் தெரிகிறது.

ஆக, நான் தேடச் சொல்வது அழகான உரையை அல்ல. ஒரு வேலையைச் செய்து முடிக்கிற உரை. ஒரு பலகைக்குள் முழுதாக அடங்குவது. கவனிக்க வேண்டிய இலக்கணம் இரண்டு மூன்று முறையாவது திரும்ப வருவது. பிள்ளை தானாக எழுதுவதைவிட ஒரு படி மேலே இருக்கட்டும், மூன்று படி வேண்டாம். இதைவிட முக்கியமாக, ஒரே வகையில் இரண்டு உரைகளைக் காட்டுங்கள். ஒன்றை மட்டும் காட்டினால் பிள்ளை அதைப் பார்த்து எழுதிவிடும். இரண்டைக் காட்டினால் எது மாறாமல் இருக்கிறது, எதை மாற்றலாம் என்று யோசிக்கும். பொருத்தமான உரை கிடைக்கவில்லையா, நீங்களே எழுதுங்கள். இந்த மலையின் பழங்குடியினரான பளியர் பிள்ளைகள் உள்ள வகுப்பென்றால், அவர்கள் வீட்டுப் பெரியவரை அழைத்துப் பேசச் சொல்லி, அவர் சம்மதத்தோடு பதிவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். பேச்சு எழுத்தாகும்போது எது மாறுகிறது என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. வழக்கையும் செய்யுளையும் ஆராய்ந்தே தொல்காப்பியர் இலக்கணம் செய்தார் என்று அதன் பாயிரம் கூறுகிறது. மக்கள் பேச்சைப் பாடமாக்க நமக்குத் தயக்கம் வேண்டியதில்லை.

அறிவியல் எழுத்துக்கு இந்த ஊரைவிட நல்ல இடம் ஏது? 1899-இல் அமைந்த சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் சூரியனைப் படமெடுத்து வருகிறார்கள். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909-இல் ஜான் எவர்ஷெட் கண்டறிந்ததும் அங்கேதான். தேதி, நேரம், கண்டது, அதன்பிறகே கருதுவது: இந்த ஒழுங்கில் ஒரு குறிப்பை எழுதிக் காட்டுங்கள். 2018-இல் பூத்த குறிஞ்சி 2030-இல் மறுபடி பூக்க வேண்டும். அன்று உங்கள் மாணவர்கள் கண்டதைக் கண்டபடி எழுதத் தெரிந்தவர்களாக இருக்கட்டும்.

மனு எழுதச் சொல்லிக் கொடுத்தால், அதை உண்மையாகவே அனுப்புங்கள். “நடவடிக்கை எடுக்கப்படும்” என்று பதில் வரலாம். அதையும் பலகையில் எழுதுங்கள். யார் எடுப்பார், எப்போது எடுப்பார் என்பதைச் செயப்பாட்டு வினை சொல்லாமல் விடுவதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். அந்த இரண்டு கேள்விகளையும் கேட்டு அடுத்த மனுவை அவர்களே எழுதட்டும்.