பட்டறையும் படையும் பாடமானால்
(மாணவத் தோழர்கள் கூட்டத்தில் பேசியது)



இன்று நம்மைப் பேசும்படி கேட்டுக் கொண்ட விஷயம் சற்று விநோதமானது. அமெரிக்காவிலுள்ள சர்வகலாசாலைகள் பலவற்றின் பாடத்திட்டப் புத்தகத்தைப் பிரித்தால், ஓரிடத்தில் பொருள் உற்பத்திப் பொறியியல் தொழில்நுட்பம் என்று ஒரு படிப்பும், சில பக்கம் தள்ளி ராணுவத் தலைமை என்று மற்றொரு படிப்பும் இருக்கின்றன. முதலாவதில் லேத்து, மில்லிங், வார்ப்பு, பற்றவைப்பு, அளவு பார்த்தல், தொழிற்சாலையை ஒழுங்குபடுத்தல் ஆகியவை பாடம். இரண்டாவதில் நிலப்படம் பார்ப்பது, உத்தரவு தயாரிப்பது, சிறு படைப்பிரிவை நடத்துவது ஆகியவை பாடம். கொல்லுப் பட்டறையும் போர்ப் பயிற்சியும் கலாசாலைக்குள் எப்படி வந்தன என்று மாணவத் தோழர் ஒருவர் நம்மைக் கேட்டார். அதற்குப் பதில்தான் இந்தப் பேச்சு.

நம் நாட்டிலும் பழைய பாடத்திட்டம் ஒன்று உண்டு. அதற்கு மனுதர்மம் என்று பெயர். ஓதுவது ஒரு பிறப்புக்கு, ஆயுதம் ஒரு பிறப்புக்கு, வியாபாரம் ஒரு பிறப்புக்கு என்று பங்கிட்டுவிட்டு, நாலாவது பிறப்புக்கு மேலே உள்ள மூவருக்கும் மனக்குறையில்லாமல் ஊழியம் செய்வது என்கின்ற ஒரே பாடத்தை வைத்தார்கள். அந்த வகுப்பில் பரீக்ஷையும் இல்லை, பட்டமும் இல்லை. பாட்டன் படித்த அதே வகுப்பில் பேரனும் இருக்க வேண்டியதுதான். படிப்பையும் ஆயுதத்தையும் கருவியையும் ஒருவன் கையில் ஒன்றாகச் சேரவிடக் கூடாது என்பதுதான் அந்தத் திட்டத்தின் உயிர்நாடி.

இனி அமெரிக்கச் சங்கதிக்கு வருவோம். ஜஸ்டின் மாரில் என்பவர் வெர்மாண்ட் நாட்டுப்புறத்தில் ஒரு கருமானுக்குப் பிள்ளையாகப் பிறந்தவர். கலாசாலை வாசலை மிதிக்க வசதியில்லாமல், கடை வைத்துப் பிழைத்துப் பிறகு சட்டசபைக்குப் போனவர். உழவு செய்கிறவன் பிள்ளைக்கும் பட்டறைக்காரன் பிள்ளைக்கும் கலாசாலை வேண்டும் என்று 1857ல் ஒரு மசோதா கொண்டு வந்தார். 1859ல் புகானன் என்ற ஜனாதிபதி அதைத் தள்ளிவிட்டார். மாரில் விடவில்லை. உள்நாட்டு யுத்தம் நடந்து கொண்டிருந்த 1862ல் லிங்கன் கையெழுத்திட்டு அது சட்டமாயிற்று. விவசாயத்தோடும் இயந்திரத் தொழிலோடும் சேர்த்து ராணுவப் பயிற்சியும் கற்பிக்க வேண்டும், மற்றக் கல்வியையும் விலக்கக் கூடாது என்பது அதன் சாரம். யுத்தத்தில் படை நடத்தத் தெரிந்தவர்கள் போதாமல் தவித்த காலமாதலால் ராணுவமும் அதில் சேர்ந்தது. ஒவ்வொரு ராஜ்யத்திற்கும் அதன் பிரதிநிதிகளையும் செனட்டர்களையும் எண்ணித் தலைக்கு 30,000 ஏக்கர் நிலம் கொடுக்கப்பட்டது. (அந்த நிலமெல்லாம் யாருடையது என்று கேட்பீர்களானால், அந்நாட்டுப் பழங்குடி மக்களிடம் பிடுங்கியதுதான். ஒருவன் வயிற்றிலடித்து மற்றொருவனுக்குப் பள்ளிக்கூடம் கட்டிய அந்தக் கணக்கையும் நாம் மறைக்கப் போவதில்லை.)

பட்டறைக்கும் படைக்கும் உள்ள உறவு அந்தச் சட்டத்திற்கும் முந்தியது. துப்பாக்கியின் ஒரு பாகம் உடைந்தால், அந்தத் துப்பாக்கிக்கென்றே அராவிப் பொருத்துகிற கொல்லன் வரும்வரையில் அது வெறும் தடிதான். எந்தப் பாகமும் எந்தத் துப்பாக்கிக்கும் பொருந்தும்படி கேஜ் வைத்து அளந்து செய்கிற முறையை 1820களில் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி ஆயுதசாலையில் சாதித்துக் காட்டினார்கள். தையல் மிஷினும் சைக்கிளும் பிறகு பிறந்தது அந்த வழியில்தான்.

ஆனால் பட்டறை வேலையைப் பாடமாக்குவது சுலபமாயிருக்கவில்லை. தொழில் என்பது தகப்பன் பிள்ளைக்குக் காட்டுவது, அல்லது எஜமான் எடுபிடிப் பையனுக்கு ஏழெட்டு வருஷம் வேலை வாங்கிக்கொண்டு காட்டுவது என்றே உலகமெங்கும் இருந்தது. இதை உடைத்தவர் விக்டர் டெல்லா-வோஸ் என்னும் ரஷ்யர். மாஸ்கோ தொழிற் பள்ளியின் தலைவராயிருந்த அவர், 1868 வாக்கில் ஒரு காரியம் செய்தார். தச்சு, கொல்லு, கடைசல், பிட்டர் வேலை ஒவ்வொன்றையும் தனித்தனிப் பட்டறையாக்கினார். ஒவ்வொரு தொழிலையும் பிரித்துப் பார்த்து, எளிதானது முதல் கடினமானது வரையில் பயிற்சிகளாக வரிசைப்படுத்தினார். முதலில் உளி பிடிப்பது, பிறகு நேராக வெட்டுவது, பிறகு அரத்தால் சமதளம் செய்வது, பிறகு இரண்டைப் பொருத்துவது. உபாத்தியாயர் ஒருவர், மாணவர் பலர். விற்பதற்குப் பொருள் செய்வதல்ல, கற்பதற்குச் செய்வது. அந்த மாதிரித் துண்டுகளை வரிசையாக 1876ல் பிலடெல்பியா கண்காட்சியில் வைத்தார்கள். மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் தலைவர் ரங்கிள் அதைப் பார்த்துவிட்டுத் தம் கழகத்திலும் அப்படியே பட்டறைகளை ஏற்படுத்தினார்.

தோழர்களே! இதில் நமக்கு என்ன பிரமாதம் என்றால், ரத்தத்தில் வருகிறது, பரம்பரையில் வருகிறது என்று சொல்லப்பட்ட கைத்திறமை, ஒரு அறையில் உட்கார்ந்து யாரும் சில மாதத்தில் கற்கும் பயிற்சிப் பட்டியலாகிவிட்டது! கொல்லன் மகன்தான் கொல்லன் என்கிற கதை அந்த அறை வாசலோடு நின்றுவிட்டது. இங்கே குலத்தொழில் பெருமை பேசுகிறவர்கள் அந்த அறைக்குள் நுழைந்து என்ன பேசுவார்கள்? நம்மவர்கள் லேத்துக்கு வருஷத்திற்கொரு நாள் சந்தனமும் குங்குமமும் பூசிப் பொரிகடலை படைக்கிறார்கள். லேத்து ஓட்டுகிறவனுக்குப் பெண் கேட்டால் மட்டும் ஜாதி விசாரிக்கிறார்கள். இஞ்சினீயர் பட்டம் வாங்கிய பிள்ளைக்கும் கையில் எண்ணெய்க் கறை படுவது கௌரவக் குறைவாகத் தோன்றுகிறது. இயந்திரம் வந்தும் மனு போகவில்லை!

ராணுவத் தலைமைப் படிப்பிலும் சங்கதி இப்படியேதான். 1916ல் செய்த ஒரு சட்டத்தால் கலாசாலை மாணவர்களை ஆபீசர்களாக்கும் ஆர்.ஓ.டி.சி. என்னும் ஏற்பாடு பிறந்தது. முதல் இரண்டு வருஷம் படித்துப் பார்த்துவிட்டு, வேண்டாமென்றால் விலகிக் கொள்ளலாம். பிந்திய இரண்டு வருஷத்திற்குச் சர்க்காருடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, பட்டத்தோடு ஆபீசராக வெளியேறலாம். ஜமைக்காவிலிருந்து பிழைக்க வந்த பெற்றோருக்கு நியூயார்க்கில் பிறந்த காலின் பவல், அந்நகரத்துச் சிட்டி காலேஜில் இப்படிப் பயின்று 1958ல் வெளியேறி, 1989ல் அமெரிக்க முப்படைத் தலைவர்கள் குழுவுக்கே தலைவரானார்.

அந்தப் பயிற்சியில் நமக்குப் பிடித்த இடம் ஒன்று. இன்று ஒரு மாணவன் தலைவன், மற்றவர்கள் அவன் சொற்படி நடக்கிறார்கள். அடுத்த முறை அவர்களில் ஒருவன் தலைவன், முந்தின தலைவன் கீழ்ப்படிகிறான். காரியம் முடிந்ததும் எல்லோரும் வட்டமாயிருந்து, என்ன நினைத்தோம், என்ன நடந்தது, எங்கே தவறியது என்று தலைவன் முகத்துக்கு நேரே பேசுகிறார்கள். ஆளுவது ஒருவன் குணம், அடங்குவது இன்னொருவன் குணம் என்ற பித்தலாட்டத்திற்கு இதில் இடமெங்கே?

அந்தப் பித்தலாட்டத்தை வெள்ளைக்காரனும் நம் மேல் நடத்தினான். 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தளபதியாயிருந்து, பிறகு இந்தியா முழுமைக்கும் தளபதியான ராபர்ட்ஸ், தென்னாட்டானுக்குப் போர்க்குணம் போய்விட்டது என்று தீர்ப்புச் சொன்னார். போர் ஜாதி, போர் அல்லாத ஜாதி என்று சிப்பாய் எடுத்தார்கள். மனு செய்ததை இங்கிலீஷில் செய்ததுதானே இது! சென்னைக் காலாட்படைகள் குறைந்துகொண்டே போயின. ஆனால் 1780ல் தொடங்கிய மதராஸ் சாப்பர்ஸ் படையை மட்டும் அவர்களால் கழிக்க முடியவில்லை. ஏன்? பாலம் கட்டவும் சுரங்கம் வெட்டவும் தெரிந்த கை அது. ஊரில் பறையன் என்று ஒதுக்கப்பட்டவனும் அதிலே உழைத்தான். முள்வேலியைத் தகர்க்க நீண்ட குழாயில் வெடிமருந்து நிரப்பும் பெங்களூர் டார்பிடோவை 1912ல் அந்தப் படையைச் சேர்ந்த மெக்கிளிண்டாக் என்ற ஆபீசர்தான் செய்தார். 1944ல் நார்மண்டிக் கரையில் அது பயன்பட்டது.

அமெரிக்காவை நாம் சொர்க்கமாக்கிக் காட்டவில்லை. மாரில் சட்டத்தின் கலாசாலைகளில் கருப்பருக்குத் தென்ராஜ்யங்கள் கதவடைத்தன. 1890ல் மாரிலே இரண்டாவது சட்டம் செய்து, நிறம் பாராமல் சேர், அல்லது கருப்பருக்குத் தனிக் கலாசாலை வை, இரண்டும் செய்யாவிட்டால் பணம் இல்லை என்றார். தென்னவர்கள் தனிக் கலாசாலை என்று தப்பித்துக் கொண்டு, அதற்கும் கிள்ளித்தான் கொடுத்தார்கள். ராணுவத்தில் நிறபேதம் ஒழிய வேண்டும் என்று ட்ரூமன் உத்தரவு போட 1948 ஆயிற்று. பெண்களுக்கு இந்த ராணுவ வகுப்பு 1970களில்தான் திறந்தது.

அப்படிக் கருப்பருக்கென்று 1891ல் ஏற்பட்டதுதான் வட கரோலைனாவில் கிரீன்ஸ்பரோ ஊரிலுள்ள விவசாய தொழில்நுட்பக் கலாசாலை. 1960 பிப்ரவரி 1ந் தேதி அதன் முதல் வருஷ மாணவர் நால்வர், வெள்ளையருக்கு மட்டும் பரிமாறும் உல்வொர்த் கடை மேஜையில் போய் உட்கார்ந்து காப்பி கேட்டார்கள். கொடுக்கவில்லை. எழுந்திருக்கவுமில்லை. மறுநாள் இன்னும் பலர் வந்தார்கள். ஜூலையில் அந்த மேஜை எல்லோருக்கும் திறந்தது. 1957ல் திருவல்லிக்கேணி ஓட்டல் பலகையிலிருந்து பிராமணாள் என்ற எழுத்தை அழிக்கப் பெரியார் தொண்டர்கள் நாள்தோறும் சிறை சென்றதை அறிந்த நமக்கு இது அந்நியக் கதையல்ல. அந்த நால்வரில் ஜோசப் மெக்நீல் என்பவருக்கு அப்போது வயது 17. அவர் 1963ல் பொறியியல் பௌதிகத்தில் பட்டமும், ஆர்.ஓ.டி.சி. மூலம் விமானப்படை ஆபீசர் பதவியும் பெற்று, மேஜர் ஜெனரலாக ஓய்வு பெற்றார். காப்பி கேட்ட கையும், கணக்குப் போட்ட கையும், படை நடத்திய கையும் ஒரே கை!

யுத்தத்தைப் புகழ்கிறோமா என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். இல்லை. இஷ்டமில்லாத மாணவனைக் கட்டாயப்படுத்தி அணிவகுக்க வைத்தது அக்கிரமம் என்பதே நம் அபிப்பிராயம். கலிபோர்னியாவில் மனச்சாட்சிப்படி மறுத்த மாணவர்களைச் சர்வகலாசாலை வெளியேற்றியது சரி என்று 1934ல் அவர்கள் சுப்ரீம் கோர்ட்டே சொன்னதையும் நாம் ஒப்பவில்லை. யுத்தம் வேண்டாமென்று சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. ஆயுதமும் அதிகாரமும் உன் பிறப்புக்கு ஆகாது என்று சொல்ல எவனுக்கும் உரிமை கிடையாது. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசி, ஏகலைவன் விரல் வெட்டுப்பட்டதை அகிம்சைக் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

நேரமாகிவிட்டது. தோழர்கள் கேள்விகளை எழுதிக் கொடுத்தால் ஒவ்வொன்றாகப் படித்துப் பதில் சொல்கிறோம்.