திருவல்லிக்கேணிப் பண்டகசாலை



சம்பள நாளை எதிர்நோக்கிக் கடனுக்குச் சாமான் வாங்கும் வழக்கம் நம் லைன் வீடுகளுக்குப் புதியதன்று. கணக்கு நோட்டு கடைக்காரரிடம். விலையும் நிறையும் அவர் சொன்னபடி. வாங்குவோரே கடைக்கு உடையவராகலாம் என்பதை இந்நாட்டில் முதன்முதலில் நடத்திக் காட்டியவர்கள் சென்னைத் திருவல்லிக்கேணி வாசிகளாவர்.

அவர்களுக்கு முன்னோடிகள் இங்கிலாந்தின் ராச்டேல் தொழிலாளர். 1844-இல் 28 பேர் தலைக்கு ஒரு பவுன் சேர்த்துக் கடை திறந்தனர். வெண்ணெய், சர்க்கரை, மாவு, மெழுகுவர்த்தி. சரக்கு ஏறக்குறைய அவ்வளவே! சந்தை விலைக்கு ரொக்கமாக விற்று, இலாபத்தை அவரவர் வாங்கிய அளவுக்கேற்பப் பகிர்ந்தனர். பங்கு எத்தனையாயினும் வாக்கு ஒன்றே.

1904-இல் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. நிறுவியோருள் ஒருவர் ஸ்ரீநிவாச சாஸ்திரியார். அந்நாளில் அவ்வூர் இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர். அவ்வாண்டுச் சட்டம் கடன் சங்கங்களையே கருதியது. பண்டகசாலைகளுக்கு இடமளித்த சட்டம் 1912-இல்தான் வந்தது. சட்டத்துக்கு முன்னரே கடை வந்துவிட்டது! பின்னர் நகரின் பல பகுதிகளிலும் கிளைகள் பரவின. ரேஷன் கடைகளும், காமதேனு என்னும் பேரங்காடியும் அச்சங்கத்தின் நிர்வாகத்தில் அமைந்தன.

ஆயினும் ரொக்கம் என்பது எளிய விதியன்று. கடன்பட்ட குடும்பம் பழைய பாக்கியைச் செலுத்திக்கொண்டே புதுச் சரக்குக்கும் பணம் தரவேண்டும். முதல் மாதத்திலேயே இரட்டைச் சுமை. நம் சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டபின் எல்லார்க்கும் பொதுவான சம்பள நாளும் இல்லை. மாரிகுப்பத்தில் ரயிலேறிப் பெங்களூர் செல்வோர்க்கு ஒரு நாள், ஏனையோர்க்கு வேறொரு நாள். ஆகவே இங்கு அத்தகைய கடை காண விழைவோர், சரக்கு வாங்குமுன் அந்தப் பழைய பாக்கிக்கென ஒரு சிறு நிதி திரட்டவேண்டும் என்பதே நம் கருத்து.