வதந்தியும் சராசரிக் கணக்கும்

(மூலனூரில் நடந்த ஊழியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

2023 மார்ச் மாதம் திருப்பூர் வட்டாரத்தில் நடந்ததை நாம் மறக்கலாகாது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று சில வீடியோக்கள் கைபேசிகளில் பரவின. அவை பொய் என்று தமிழ்நாடு போலீஸ் அறிவித்தது. பீகார் அரசின் குழுவும் வந்து விசாரித்தது. ஆயினும் ஹோலிப் பண்டிகைக்கு ஊர் போனவர்களோடு பீதியடைந்தவர்களும் ரயிலேறினார்கள்.

பொய் என்று சொல்லியும் பயம் ஏன் உடனே தணியவில்லை? இதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம்.

ஒருவனுடைய நாளைய கருத்து என்பது, அவன் நம்புகிறவர்களின் இன்றைய கருத்துக்களின் சராசரி. யாரை அதிகம் நம்புகிறானோ அவருக்கு அதிகப் பங்கு. 1974-ல் அமெரிக்க அறிஞர் டிகுரூட் வகுத்த முறை இது. பருத்தி ஏலம் நடக்கும் மூலனூரில் சராசரி என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

ஒரே லைன் வீட்டில் தங்கியிருக்கும் தொழிலாளர்கள் எல்லோருடைய பயமும் 100 என்று வைத்துக்கொள்வோம். தங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டால் எத்தனை நாளானாலும் சராசரி 100தான். உண்மை தெரிந்த உள்ளூர்த் தொழிலாளி ஒருவரின் பேச்சுக்கு எல்லோரும் பத்தில் ஒரு பங்கு கொடுத்தால்? முதல் சுற்றில் 90, அடுத்து 81, ஏழாவது சுற்றில் பாதிக்கும் கீழே!

ஆனால், விஷமப் பிரசாரம் செய்கிறவனுக்கும் அதே பத்தில் ஒரு பங்கு கிடைத்தால், பயம் 50-லேயே நின்றுவிடும். நாம் ஆயிரம் தடவை சொன்னாலும் அதற்குக் கீழே இறங்காது. ஆகவே, எத்தனை முறை சொல்கிறோம் என்பதல்ல பிரச்னை. நம் சொல்லுக்கு எவ்வளவு பங்கு என்பதே பிரச்னை.

இன்னொன்றும் உண்டு. தன் கருத்துக்கு வெகுதூரத்தில் இருப்பதை மனிதன் காதிலேயே வாங்குவதில்லை. இந்த நிலையை ஹெக்செல்மன், கிரௌசே என்ற ஜெர்மன் அறிஞர்கள் 2002-ல் கணக்கிட்டுக் காட்டினார்கள். நடுங்கிக்கொண்டிருப்பவனிடம் முன்பின் தெரியாத ஒருவர் போய், "பயப்படாதே" என்றால் பலிக்குமா?

மனிதன் வெறும் எண்ணல்ல. இந்தக் கணக்கில் அடங்காதவை பல. ஆனாலும் அது வழியைக் காட்டுகிறது. வதந்தி வந்த பிறகு நோட்டீசோடு ஓடினால் போதாது. வடமாநிலத் தொழிலாளியின் கூலி பாக்கிக்கும், ஷிப்டு நேரத்துக்கும், காய்ச்சலில் படுத்தால் ஆஸ்பத்திரிக்கும் இன்றைக்கே நாம் கூடப் போக வேண்டும். நான்கு வார்த்தை இந்தி கற்றுக்கொள்வோம். நான்கு வார்த்தை தமிழ் கற்றுக்கொடுப்போம். அந்தப் பத்தில் ஒரு பங்கு அப்படித்தான் கிடைக்கும். ஒவ்வொரு லைன் வீட்டிலும் அதைச் சம்பாதிப்போம், தோழர்களே!