வாளைக் கீழே வைக்கும் உரிமை

1838 செப்டம்பரில் பாஸ்டன் நகரில் ஒரு சமாதான மாநாடு கூடியது. அடிமை ஒழிப்புக்காகவே நடந்த 'லிபரேட்டர்' இதழின் ஆசிரியர் வில்லியம் லாயிட் காரிசன் அதற்குக் கொள்கை அறிக்கை எழுதிக் கொடுத்தார். படையில் சேர மாட்டோம், பதவி ஏற்க மாட்டோம், நமக்குப் பதிலாக ஆள இன்னொருவரைத் தேர்ந்தெடுக்கவும் மாட்டோம், நம்மிடமிருந்து பறித்துக்கொண்டவன்மீது வழக்குகூடப் போட மாட்டோம் என்று அது அறிவித்தது. இத்தனைக்கும் ஆதாரம் இயேசுவின் மலைப்பிரசங்கம்.

இந்த அறிக்கையைப் படிக்கும் இன்றைய லிபர்டேரியனுக்கு அதில் பாதி தன் சொந்தக் குரலாகவே கேட்கும். ஒருவருடைய உடல் அவருக்கே உரியது, நியாயமாகச் சேர்த்த பொருளும் அவருடையது, ஆகவே யார்மீதும் முதலில் கை ஓங்கக் கூடாது: லிபர்டேரியன் அறத்தின் அடிப்படை இவ்வளவுதான். அரசுக்கும் இந்த விதியிலிருந்து விலக்கு இல்லை என்பதில்தான் அதன் கூர்மை இருக்கிறது. தனியாள் செய்தால் கொள்ளை என்றால், சீருடை போட்டுச் செய்தாலும் அது கொள்ளைதான். ஆனால் முதலில் கை ஓங்கியவனைத் திருப்பி அடிக்கலாம் என்று அந்த அறம் அடுத்த அடியை எடுத்து வைக்கும்போது மலைப்பிரசங்கத்தின் வழியில் போகிறவர் நின்றுவிடுகிறார்.

இரண்டையும் ஒருவரே கைக்கொள்ள முடியுமா என்பதுதான் இந்த உரை எடுத்துக்கொண்ட கேள்வி. முதல் பார்வைக்குச் சிக்கல் எதுவும் இல்லை. கடன் கொடுத்தவருக்கு அதை வசூலிக்கும் உரிமை உண்டு. வேண்டாம் என்று விட்டுவிடும் உரிமையும் உண்டு. அதுபோலவே தற்காப்பும். அடிக்கும் உரிமை தனக்கு உண்டென்று ஒப்புக்கொண்டு, அதைக் கடைசிவரை பயன்படுத்தாமலேயே ஒருவர் வாழ்ந்து முடிக்கலாம். 1950களில் கொலராடோவில் 'ஃப்ரீடம் ஸ்கூல்' தொடங்கிய ராபர்ட் லெஃபெவர் இன்னும் ஒரு படி மேலே போனார். தாக்க வருபவனின் உடலும் அவனுக்கே உரியது, அதன்மேல் பிறருக்கு அதிகாரம் இல்லை என்று சொத்துரிமையின் வழியாகவே அவர் அகிம்சைக்கு வந்து சேர்ந்தார்.

ஆனால் அடி விழுவது இன்னொருவர் முதுகில் என்றால்?

பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸ் மாநிலம் இந்தக் கேள்வியை ஏட்டில் அல்ல, ரத்தத்தில் சந்தித்தது. அடிமை முறையைவிடப் பெரிய ஆக்கிரமிப்பு எதையும் எண்ணிப்பார்க்க முடியாது. அரசு அஞ்சல் துறைக்குப் போட்டியாக 1844இல் தனியார் அஞ்சல் நிறுவனம் நடத்திக் காட்டிய லைசாண்டர் ஸ்பூனர் அந்த மாநிலத்துக்காரர். இன்றைய லிபர்டேரியன்கள் தங்கள் முன்னோடியாகக் கொண்டாடும் மனிதர். அடிமைகள் ஆயுதம் ஏந்தலாம், எஜமானர்களின் உடைமையைக் கைப்பற்றி இழப்பீடாக வைத்துக்கொள்ளலாம், மற்றவர்கள் அவர்களுக்குத் துணை நிற்க வேண்டும் என்று 1858இல் அவர் ஒரு திட்டமே அச்சிட்டார். 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டபோது, வாளே கூடாது என்று எழுதிய காரிசனும் வடக்கின் பக்கம் நின்றார். அவருடைய மகன் ஜார்ஜ் படையில் அதிகாரியானார்.

அசையாமல் நின்றவர் ஆடின் பலூ. யூனிவர்சலிஸ்ட் சபையின் போதகராகத் தொடங்கிய அவர் மில்ஃபர்டு ஊரில் ஹோப்டேல் என்ற சமூகக் குடியிருப்பை உருவாக்கியவர். 1846இல் கிறித்தவ எதிர்க்காமை பற்றி நூல் எழுதியவர். போரையும் வெறுத்தார், அடிமை முறையையும் வெறுத்தார். அடிமை முறையை ஒழிக்கப் போரைக் கையில் எடுக்க மறுத்தார்.

பலூவின் உறுதி வணக்கத்துக்குரியது. ஆனால் இந்த இடத்தில் ஸ்பூனர் பக்கமே நியாயம் இருக்கிறது. விட்டுக்கொடுப்பவர் தன்னுடையதை மட்டுமே விட்டுக்கொடுக்க முடியும். சவுக்கடி படுகிறவனின் தற்காப்பு உரிமையை, பாஸ்டனில் இருக்கும் வெள்ளையர் எவரும் அவன் சார்பில் துறந்துவிட முடியாது. பலூவின் வழி பிழை என்று இதற்குப் பொருளல்ல. துன்பப்படுகிறவரே அதைத் தேர்ந்தால்தான் அதற்கு அறத்தின் வலு வருகிறது. அப்படித் தேர்ந்தவர்களைத் தமிழர்கள் நன்கு அறிவார்கள். தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் காந்தியோடு சிறை சென்றவர்களில் தமிழர்கள் ஏராளம். அவர்களுடைய குடும்பங்களுக்கும் இடம் கொடுக்கவே 1910இல் டால்ஸ்டாய் பண்ணை எழுந்தது.

அந்தப் பண்ணைக்குப் பெயர் தந்த ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாயே பலூவோடு கடிதத்தில் வாதாடியவர். குடிவெறியில் ஆடுபவனையும் மனநிலை தவறியவனையும் காயப்படுத்தாமல் பிடித்து நிறுத்தலாம் என்றார் பலூ. அதுவும் கூடாது என்றார் டால்ஸ்டாய். உண்மைக் கிறித்தவன் சொத்துரிமையே கொண்டாட முடியாது என்றும் அவர் சொன்னார். லிபர்டேரியனுக்கும் கிறித்தவ அகிம்சைக்கும் இடையிலான ஆழமான விரிசல் இதுதான். ஒருவர் சொத்திலிருந்து தொடங்குகிறார். மற்றவர், அங்கியை எடுத்துக்கொள்ள வந்தால் மேலங்கியையும் கொடு என்ற போதனையிலிருந்து. ஹோப்டேலே இதற்குச் சாட்சி. அது கூட்டுப் பங்கு முறையில் நடந்த குடியிருப்பு. பங்குகளில் ஏறக்குறைய முக்கால் பகுதியை வைத்திருந்த டிரேப்பர் சகோதரர்கள் 1856இல் விலகிக்கொள்ள, அந்தக் கனவு அத்தோடு கலைந்தது. அவர்கள் செய்தது முழுக்க முழுக்க அவர்களுடைய உரிமை. பலூ அதைத் தடுக்கவில்லை. தடுக்க அவர் கொள்கையில் வழியும் இல்லை.

விரிசல் இவ்வளவு இருந்தும் போர் என்று வரும்போது இருவரும் ஒரே வரிசையில் வந்து நிற்கிறார்கள். லிபர்டேரியன் சிந்தனையாளர் முர்ரே ராத்பார்ட் அகிம்சைவாதி அல்லர். தற்காப்புக்காக அடிப்பதை முழுமனதோடு ஆதரித்தவர். ஆனாலும் போர் பற்றி 1963இல் எழுதிய கட்டுரையில், குற்றவாளியை மட்டும் குறிவைக்க அணுகுண்டுக்குத் தெரியாது, அப்பாவிகளைக் கொல்லாமல் அதைப் பயன்படுத்தவே முடியாது, ஆகவே அதை நியாயப்படுத்த வழியே இல்லை என்று வாதிட்டார். கட்டாய ராணுவ சேவையை அடிமைத்தனம் என்றே லிபர்டேரியன்கள் சொல்கிறார்கள். அகிம்சைக் கிறித்தவ சபைகளைச் சேர்ந்த குவேக்கர்களும் மென்னோனைட்டுகளும் அதே சேவையை மறுத்துச் சிறைக்குப் போனார்கள். காரணம் வேறு, மறுப்பு ஒன்று.

போரில் மட்டுமல்ல, வரியிலும் அரசை மறுத்தவர்கள் உண்டு; அந்த மறுப்புக்கு விலையும் உண்டு. 1955 முதல் அமெரிக்காவில் சுயதொழில் விவசாயிகளும் சமூகப் பாதுகாப்பு வரி கட்ட வேண்டியதாயிற்று. முதியோரைக் காப்பது சபையின் கடமை, அரசின் காப்பீடு எங்களுக்கு வேண்டாம் என்று அதேபோன்ற அகிம்சைக் கிறித்தவர்களான ஆமிஷ் மக்கள் மறுத்தார்கள். 1961இல் பென்சில்வேனியாவில் ஓர் ஆமிஷ் விவசாயியின் உழவுக் குதிரைகளை வரித்துறை பறித்து ஏலம் விட்டது. அவர் எதிர்க்கவில்லை, வரி கட்டவும் இசையவில்லை. கடைசியில் இறங்கி வந்தது அரசுதான். 1965ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய சபைகளின் சுயதொழில் செய்வோருக்கு விலக்கு அளித்தது. ஆனால் சபை தன் ஆதரவற்றவர்களை நெடுங்காலமாகத் தானே பராமரித்து வந்திருக்க வேண்டும் என்று அதில் நிபந்தனை வைத்தது. பிறரை வேலைக்கு வைத்த ஆமிஷ் முதலாளி ஒருவர் அதே விலக்கைக் கேட்டபோது 1982இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக மறுத்தது. முதலாளியும் தொழிலாளியும் ஒரே நம்பிக்கையைச் சேர்ந்தவர்களாக இருந்தால் அவர்களுக்கும் விலக்கு உண்டு என்று 1988இல் அமெரிக்க காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தியது.